மூளையில் கல்சியம் படிவதற்கு நோய் எதிர்ப்புச் சக்தியும் காரணமா?

கல்லடிக்காரி:
அம்மாவுக்கு 61 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததால் தலைக்கு சிடி ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை, ஆனால் பேஸல் கங்லியா என்ற இடத்தில் இரண்டு பக்கமும் கல்சியம் படிந்திருக்கிறதாம். வார்டில் யாரும் விளக்கவில்லை. கனடாவில் இருக்கிற சித்தப்பா, நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவதால் வருவது, அதை அடக்க மருந்து எடுக்கவேணும் என்கிறார். உண்மையா? அம்மா பல வருடத்துக்கு முன் தைரொயிட் ஒபரேஷன் செய்தவ. கொஞ்ச நாளாக விரல்கள் விறைத்துக் கோணி இழுக்கிறது என்றும் சொல்கிறா.

வாவிக்கரை:
தங்கச்சி, சித்தப்பா சொல்வதில் பாதி இருக்கிறது. 1984இல் எக்கார்டி, கூத்தியே என்ற இரண்டு மருத்துவர்கள் விவரித்த ஒரு பரம்பரை நோயில், கிருமியே இல்லாமல் உடம்பு இன்டர்ஃபெரோன் என்ற, வைரசை எதிர்க்கிற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், அந்தக் குழந்தைகளின் பேஸல் கங்லியாவில் கல்சியம் படியும். ஆனால் அது குழந்தைகளில் தொடங்குவது. மறுபக்கமும் இருக்கிறது: மூளையின் சொந்தக் காவல் கலங்களான மைக்ரோகிளியாவை எலிகளில் அகற்றிப் பார்த்தபோது இரத்தக் குழாய்களில் படிவு கூடியது, 2021இல் வெளியான ஆய்வு அது. அதாவது ஒரு இடத்தில் கெடுக்கிற அதே நோய் எதிர்ப்பு இன்னொரு இடத்தில் படிவைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு அதை அடக்க மருந்து எடுக்கவே கூடாது. வயது போனவர்களில் எந்த வருத்தமும் இல்லாமலே சிறிய படிவுகள் ஸ்கானில் தெரிவதும் உண்டு.

சாய்ந்தமருது லேப்:
எல்லாரும் நோய் எதிர்ப்பைப் பேசுகிறீர்கள், எனக்குத் தங்கச்சி எழுதிய கடைசி இரண்டு வரிதான் கண்ணில் குத்துகிறது. தைரொயிட்டுக்குப் பின்னால் பயறு அளவில் பெரும்பாலும் நாலு பாராதைரொயிட் சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ஒபரேஷனில் அவை சேதப்பட்டால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து பொஸ்பேட் கூடும், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் பேஸல் கங்லியாவில் படியும். விரல் கோணி இழுப்பதும் கல்சியம் குறைவின் அடையாளம்தான். இரத்தத்தில் கல்சியம், பொஸ்பேட், மக்னீசியம், பிடிஎச் (பாராதைரொயிட் சுரக்கிற ஹோர்மோன்) நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூட்டிப் போங்கள், கல்சியம் நன்றாகக் குறைந்தால் வலிப்பும் வரும்.

கல்லடிக்காரி:
ஐயோ, இதை யாரும் கேட்கவே இல்லையே அண்ணா. இப்பவே வெளிக்கிடுகிறோம்.

சாய்ந்தமருது லேப்:
சரி. ஒபரேஷன் செய்த நேரத்து டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் அதையும் ஸ்கான் ரிப்போர்ட்டோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.