குரல்வளை எடுத்தவருக்கு ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலை அளக்கும் சோதனை), எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. அவசரம்!

பிஎஃப்டி_புதியவன்: நாளைக்குள் ரிப்போர்ட் தர வேண்டும். குரல்வளை அறுவை முடிந்தவர், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) சந்தேகம். ஊதும் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. மெஷின் கோளாறா?

மூன்றாம்ஷிப்ட்: கேலிப்ரேஷன் பார்த்தீர்களா? 3 லிட்டர் சிரிஞ்சு போட்டுப் பாருங்கள். சென்சாரில் ஈரம் ஏறியிருக்கும், எனக்கு எப்போதும் அதுதான்.

நுரைநேசன்: மெஷினை விடுங்கள். முழுதாக எடுத்ததா, பாதியா? எதன் வழியாக ஊதுகிறார்? பேச்சு வால்வு (பேசுவதற்காக மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே வைப்பது) உண்டா?

பிளெத்திஸ்மோ: இதையெல்லாம் சொல்லாமலே ஒரு கேள்வி! முழுதாக எடுத்தால் வாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் தொடர்பே கிடையாது. மூக்கு கிளிப்பெல்லாம் சும்மா அலங்காரம். பாலபாடம் ஐயா.

பிஎஃப்டி_புதியவன்: முழுதாகத்தான். அது தெரியும் சார், மவுத்பீஸை அவர் மூச்சுவிடும் கழுத்துத் துளையில்தான் அழுத்திப் பிடிக்கிறோம்.

நுரைநேசன்: அங்கேதான் கசிகிறது. துளையைச் சுற்றிக் கழுத்து மேடு பள்ளமாக இருக்கும், கெட்டி மவுத்பீஸ் உட்காராது. குழந்தைகளுக்கான வட்ட சிலிக்கான் மாஸ்க்கை ஃபில்டரோடு இணைத்து வையுங்கள். எச்எம்இ கேசட் (துளையில் மாட்டும் ஈரப்பத ஃபில்டர்) இருந்தால் முதலில் கழற்றிவிட்டு, சளியையும் எடுத்துவிடுங்கள். வால்வு இருந்தால் அதன் வழியாக உணவுக்குழாய்க்குள்ளும் கொஞ்சம் காற்று போகலாம்.

பிளெத்திஸ்மோ: மாஸ்க் ஒப்பேற்றல் வேலை. கஃப் (சுற்றி அடைக்கும் காற்றுப் பலூன்) உள்ள டியூப்பை உள்ளே விட்டுக் கஃப்பை நிரப்பினால் முடிந்தது.

நுரைநேசன்: கசியாது, சரி. ஆனால் உள்விட்டம் 8 மி.மீ. டியூப்புக்குள் ஊதினால் அளப்பது நோயாளியின் அடைப்பையா, டியூப்பின் அடைப்பையா? உச்ச வேகம் வெட்டிவிட்ட மாதிரி தட்டையாகிவிடும். இருமல் வேறு.

பிளெத்திஸ்மோ: எஃப்விசி (முழு மூச்சில் ஊதும் மொத்தக் காற்று) சரியாக வருமே.

நுரைநேசன்: கேட்டிருப்பது சிஓபிடி. எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதும் காற்று) கெட்டால், அடைப்பைக் காட்டும் எஃப்இவி1/எஃப்விசி விகிதமே கெட்டது.

மூன்றாம்ஷிப்ட்: அப்புறம் அந்த எதிர்பார்ப்பு அளவுகள்? அவை வாயால் ஊதுகிறவர்களை வைத்துப் போட்டவை. சதவீதத்தை எந்த அளவுக்கு நம்புவது?

பிளெத்திஸ்மோ: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இன்னும் சென்சாரைத் துடைத்து முடிக்கவில்லையா நீங்கள்?

மூன்றாம்ஷிப்ட்: ஈரம் பெரிய பிரச்சினைதான் சார், சிரிக்காதீர்கள்.

பிஎஃப்டி_புதியவன்: மாஸ்க் வைத்தோம், எஃப்இவி1 150 மில்லிக்குள் ஒத்து வந்துவிட்டது. சல்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் உள்ளிழுப்பு மருந்து) கொடுத்த பின் துளியும் மாற்றமில்லை என்று எழுதி அனுப்பியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

நுரைநேசன்: சல்பியூட்டமாலை எங்கே அடித்தீர்கள்? வாயிலா, துளையிலா?

நுரைநேசன்: தம்பி, இருக்கிறீர்களா?