ஃப்ரீ ரேஷான்: விருது போலீஸ்காரருக்கா போக வேண்டும்?

நெய்தல்:
2020இல் க்விபி என்ற கைபேசி வீடியோ தளத்தில் வந்த ‘ஃப்ரீ ரேஷான்’ தொடரை மறுபடி பார்த்து முடித்தேன். ஒவ்வொரு பகுதியும் 10 நிமிடத்துக்குள். ஈராக் போருக்குப் போய் வந்த கறுப்பின இளைஞன் ரேஷானை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் போலீஸே போதைப்பொருள் விவகாரத்தில் சிக்கவைக்கிறது. தப்பி ஓடி, துணைவி குழந்தையோடு வீட்டுக்குள் அடைந்துகொள்கிறான். வெளியே அதிரடிப்படை. அவனிடம் பேச வரும் அதிகாரி பாய்ன்சியாக லாரன்ஸ் ஃபிஷ்பர்ன். அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில் குறுந்தொடர் நடிகருக்கான போட்டியில் இவரும் இருந்தார், ரேஷானாக நடித்த ஸ்டீஃபன் ஜேம்ஸும் இருந்தார். வென்றது ஃபிஷ்பர்ன். எனக்கு மனசே ஆறவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் கதை இது. கடைசியில் பேச வந்தவர் கதையாகிவிட்டது.

மத்தளம்:
விருது நடிப்புக்குத்தானே? பாய்ன்சியும் கறுப்பினத்தவர். உள்ளே இருப்பவன் மேல் பரிவு, வெளியே துப்பாக்கியோடு நிற்பதோ தன் துறை ஆட்கள். இரண்டு பக்கமும் இடி. அதைக் கண்ணிலேயே கொண்டுவந்தார் மனிதர். சின்னத் திரையில் முகம்தான் எல்லாம்.

நெய்தல்:
நடிப்பைக் குறை சொல்லவில்லை. நல்ல போலீஸ் ஒருவரை நடுவில் நிறுத்தினால் பார்ப்பவர் கோபம் தணிந்துவிடும், அதைத்தான் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸின் நிஜக் கதை தெரியுமா? 2005 செப்டம்பர் 4, கத்ரீனா புயல் அடித்து ஆறே நாள். டான்ஸிகர் பாலத்தில் நிராயுதபாணிகளைப் போலீஸ் சுட்டது. 2 பேர் சாவு, 4 பேருக்குக் காயம். அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து பொய்ச் சாட்சியமாகக் காட்டினார்கள். முன்னாள் போலீஸார் 5 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2016இல்! அங்கே பாய்ன்சி எங்கே இருந்தார்?

மத்தளம்:
அப்படி ஒருவர் இல்லாததால்தான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எல்லோரும் கொடியவர்கள் என்றால் ரேஷான் யாரிடம் பேசுவான்?

தாழ்வாரம்:
இரண்டு பேரும் டைஷாவை மறந்துவிட்டீர்களே! ரேஷானின் துணைவியாக வந்த ஜாஸ்மின் செஃபஸ் ஜோன்ஸும் எம்மி வாங்கினார். அதே ஆண்டு அவர் அப்பா ரான் செஃபஸ் ஜோன்ஸுக்கும் ஒரு எம்மி. வெளியே குறி பார்க்கும் துப்பாக்கிகள், உள்ளே குழந்தை. அந்த வீட்டின் பயம் முழுக்க அவர் முகத்தில்தான் இருந்தது.

நெய்தல்:
சரி, டைஷாவுக்குக் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஸ்டீஃபன் ஜேம்ஸுக்குத் தந்திருக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.