கரண்ட் போய் வந்ததும் பில் புரோகிராம் நின்னுபோச்சு: ஸ்லைமை விட்டுட்டு மேக் பக்கம் போயிடவா?

முதுநகர்வாசி:
பண்ருட்டியில மாமாவோட பலா மண்டிக்குக் கமிஷன் பில் போட காமன் லிஸ்ப் மொழியில ஒரு புரோகிராம் எழுதிட்டிருக்கேன். எஸ்பிசிஎல் கம்பைலர், ஈமேக்ஸ் எடிட்டர், ரெண்டையும் கோக்கற ஸ்லைம். மூணு வாரமா ஒரே இமேஜ்தான் (ஓடிட்டிருக்கற லிஸ்ப்பும் அது மெமரியில ஏறினதும்), மூடவே இல்ல. ஃபங்ஷனைத் திருத்துவேன், கன்ட்ரோல்-சி ரெண்டு தட்டு, அது மட்டும் கம்பைல் ஆகி ஏறிடும், அடுத்த பில்லுலயே தெரியும்.

நேத்து ராத்திரி கரண்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் கையை விரிச்சிடுச்சு. காலையில ஏஎஸ்டிஎஃப் (ஃபைல்களைக் கம்பைல் பண்ணி ஏத்தற டூல்) வழியா லோடு பண்ணேன், ஏறிடுச்சு. மொத்த வியாபார பில் வருது. சில்லறை பில் போட்டா மட்டும் "கமிஷன்-கழி" அன்டிஃபைன்டு ஃபங்ஷன்னு (அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு) நிக்குது. நேத்து சாயங்காலம் இதே கோடு ஓடுச்சு, சத்தியமா!

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு சி++ காரர், "விளையாட்டை விட்டுட்டு மேக்ங்கற பில்டு டூல் போட்டு ஒழுங்கா பில்டு பண்ணு"ங்கறார். சீசன் நேரம். மாமா ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.

லாஸ்பேட்டை லிஸ்ப்:
தம்பி, அந்தப் பேரை நடுவுல மாத்தினீங்களா?

முதுநகர்வாசி:
ஆமாண்ணே, போன வாரம் "தரகு-கழி"ன்னு மாத்தினேன். பைசா ரவுண்டிங்கும் அப்பதான் சேர்த்தேன். ஆனா அதுக்கப்புறமும் ஓடுச்சே?

லாஸ்பேட்டை லிஸ்ப்:
ஓடத்தான் செய்யும். ஃபைல்ல நீங்க பேரை அழிச்சது இமேஜுக்குத் தெரியாது. புதுசு ஏறுச்சு, பழசு காலி பண்ணாம உள்ளேயே குடியிருந்துச்சு. சில்லறை பில்லுல கூப்பிடற இடத்தை மாத்த மறந்திருக்கீங்க. அது ஒரு வாரமா பழசையே கூப்பிட்டிருக்கு. பேர் உயிரோட இருந்ததால கம்பைலரும் வாயைத் திறக்கல. காலையில அந்தப் பேர் இல்லன்னு ஸ்டைல்-வார்னிங் வந்திருக்கும், நீங்கதான் பார்த்திருக்க மாட்டீங்க. வார்னிங்தானே, லோடை அது நிறுத்தாது.

இனி பேர் மாத்தினா பழசைக் கையோட எஃப்மேக்அன்பவுண்ட் பண்ணி இமேஜ்ல இருந்தே நீக்கிடுங்க. மேக்ரோவும் (கம்பைல் ஆகும்போதே கோடா விரியறது) இதே கதைதான்: மேக்ரோவை மட்டும் திருத்தி ஏத்தினா, அதைப் பயன்படுத்தற ஃபங்ஷன்கள் பழைய விரிவோடவே ஓடும். அதுங்களையும் திரும்ப கம்பைல் பண்ணணும்.

நெல்லித்தோப்பு:
நானும் சி ஆள்தான். மேக் ஒண்ணும் உத்தமன் இல்லங்க. 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினது. எந்த ஃபைல் எதை நம்பியிருக்குன்னு நீங்க சொல்லணும், அது தேதியைப் பார்க்கும், அவ்வளவுதான். மேக்ஃபைல்ல ஒரு ஹெடர் ஃபைல் (பல கோடு ஃபைல்ல பொதுவா சேர்க்கறது) விட்டுப்போனா, அதை மாத்தினாலும் முன்னாடி கம்பைல் பண்ணி வெச்ச பழைய ஆப்ஜெக்ட் ஃபைலையே கோத்துக் கொடுத்திடும். உங்க ஆபீஸ்காரர் நேத்து பழசை அழிக்க எத்தனை தடவை "மேக் க்ளீன்" அடிச்சார்னு கேளுங்க.

முதுநகர்வாசி:
அப்போ தினமும் ஏஎஸ்டிஎஃப்ல ஃபோர்ஸ் போட்டு (மாறாததையும் திரும்ப கம்பைல் பண்ணச் சொல்லி) லோடு பண்ணா போதுமாண்ணே?

லாஸ்பேட்டை லிஸ்ப்:
அதே இமேஜுக்குள்ள ஃபோர்ஸ் போட்டுப் புண்ணியமில்ல, பழசு அங்கயேதான் இருக்கும். புது புராசஸ் வேணும். பகல் முழுக்க ஸ்லைம்லயே வேலை பாருங்க, அந்தச் சுகத்தை எதுக்கு விடணும்? மூட்டை கட்டறதுக்கு முன்னாடி தனியா எஸ்பிசிஎல்லை நான்-இன்டராக்டிவ்ல கிளப்பி, லோடு பண்ணி, ரெண்டு வகை பில்லும் ஒவ்வொண்ணு போட்டுப் பாருங்க. லோடு ஆனா மட்டும் நம்பாதீங்க, காலையிலயே பார்த்தீங்களே.

அப்புறம், போன வார சில்லறை பில்லை எல்லாம் எடுத்துப் பாருங்க. ரவுண்டிங் இல்லாமதான் போயிருக்கும்.

முதுநகர்வாசி:
ஒரே ஒரு இடம்ணே, மாத்தினதும் ஓடிடுச்சு. பில்லும் நீங்க சொன்னபடிதான், எல்லாத்துலயும் பைசா தொங்குது. மாமா மூணாவது தடவை போன் பண்றார், இருங்க.