பிரவுசர் ஓட்டை: கடையில் இருக்கும் 4 கம்ப்யூட்டரை எப்படிக் காப்பாற்றுவது?

மண்டபம்_கடை எழுதியது:

வணக்கம். மண்டபத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் போடுகிற சின்னக் கடை என்னுடையது. மொத்தம் 4 கம்ப்யூட்டர். மூன்றில் விண்டோஸ் 10. நாலாவது, தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப், அதில் இன்னும் விண்டோஸ் 7தான் ஓடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை, கடையில் வேலை பார்க்கிற பையன் ஒருவருடைய போட்டோவின் அளவைக் குறைக்க ஏதோ ஒரு தளத்தைத் திறந்திருக்கிறான். திரை முழுக்க ‘உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்’ என்று வந்திருக்கிறது. கூட்டம் நின்றதால் அவனும் அதை இறக்கி, ஓகே ஓகே என்று அமுக்கிவிட்டான். பிறகு ஒன்றும் நடந்த மாதிரித் தெரியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், தெரியாத ஊரிலிருந்து யாரோ என் ஜிமெயிலுக்குள் நுழைந்ததாக எச்சரிக்கை வந்திருந்தது. பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டேன். அதே கம்ப்யூட்டரில்தான் மாற்றினேன், அது சரியா என்று தெரியவில்லை.

சர்வீஸ் செய்ய வந்தவர் 4 ஆன்டிவைரஸ் வாங்கிப் போடு, வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒரு பக்கத்தைச் சும்மா திறந்து பார்த்தாலே வைரஸ் வருமா, இல்லை நாம் எதையாவது அமுக்கினால்தான் வருமா? விண்டோஸ் 7 லேப்டாப்பை என்ன செய்வது? நான்கும் புதிதாக வாங்க வசதி இல்லை.

ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். அந்த 61 நாளும் நிவாரணம், அட்டை, பேங்க் வேலை என்று கடைக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், எல்லாரும் என் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள், என்னை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். அண்ணன்மாரே, இந்தத் தங்கச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

ராம்நாடு_சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றியது பயன்படாது, புதிய பாஸ்வேர்டும் அவர்கள் கைக்குப் போயிருக்கலாம். இந்த மாதிரிப் போலி அப்டேட்டில் வருகிற திருட்டு நிரல்கள் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டுதான் குக்கீ. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, போனிலேயே பாஸ்வேர்டை மறுபடியும் மாற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஸ்கேன் செய்து சுத்தமாகிவிட்டது என்று காட்டினாலும் நான் நம்ப மாட்டேன், அடுத்தவர்கள் பணம் புழங்குகிற இடம் அது.

இன்னொன்று, இது சொல்லக் கஷ்டமான விஷயம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் யாரெல்லாம் மெயிலோ பேங்க்கோ திறந்தார்களோ அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். 2011ல் வந்த சைபர் கஃபே விதிகளில், வருகிறவர்களின் பதிவேட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது, நோட்டு எழுதியிருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். யாருக்காவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் கடையில் நடந்தது ஏமாற்று, பையன் கையால் நடந்தது. பிரவுசர் ஓட்டை என்பது வேறு, பிரவுசரின் நிரலிலேயே இருக்கும் தவறு அது, அதற்கு யாரும் எதையும் அமுக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் சிவிஇ-2023-4863 என்று எண் கொடுத்த ஒரு ஓட்டை வெளிவந்தது. வெப்பி என்கிற பட வகையை விரித்துக் காட்டும் நிரல் துண்டில் இருந்த தவறு அது, வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும், அந்த வழியாகக் கெட்ட நிரலை ஓட்டலாம். கூகுள் செப்டம்பர் 11ல் திருத்தம் வெளியிட்டது, மறுநாள் மொசில்லாவும் ஃபயர்பாக்ஸுக்கு வெளியிட்டது, ஏனென்றால் இரண்டு பேரும் பயன்படுத்தியது ஒரே நிரல் துண்டு. 2025 மார்ச்சில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த குரோம் ஓட்டையில், மெயிலில் வந்த லிங்கைத் திறந்ததே போதுமாக இருந்தது. ஒரு பக்கம் கெட்டுப்போனாலும் கம்ப்யூட்டரைத் தொட முடியாமல் அதைத் தனி அறையில் அடைத்து வைக்கிற சாண்ட்பாக்ஸ் என்ற ஏற்பாடு குரோமில் இருக்கிறது, அதையே தாண்டிவிட்டார்கள்.

ஆகவே சும்மா திறந்தாலே வருமா என்றால், வரும். ஆனால் இப்படி யாருக்கும் தெரியாத ஓட்டையை வைத்திருப்பவன் அதை மண்டபத்து ஜெராக்ஸ் கடையில் வந்து செலவழிக்க மாட்டான், அதன் விலை அப்படி. நமக்கு ஆபத்து திருத்தம் வெளிவந்த நாளிலிருந்துதான் கூடுகிறது, இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். குரோமுக்கு அடியில் இருக்கும் குரோமியத்தின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. திருத்தம் வந்ததும், எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அப்டேட் ஆகும்வரை கூகுள் விவரத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது அதனால்தான். அப்டேட் ஆகாமல் பின்தங்குகிறவர்கள் மேல்தான் அது வந்து விழும். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே குரோமியத்தில் செய்ததுதான், பிரவுசரின் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்க முடியாது.

உங்கள் கடையில் கம்ப்யூட்டரை எப்போது முழுதாக நிறுத்தினீர்கள்? இதை நான் போகிற ஒவ்வொரு கடையிலும் கேட்கிறேன். இரவில் மூடி வைக்கிறார்கள், காலையில் திறக்கிறார்கள், பிரவுசர் மட்டும் 20 டேபோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். குரோம் அப்டேட்டைத் தானாக இறக்கி வைத்துக்கொள்ளும், ஆனால் மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். அதுவரை ஓட்டையான பழைய குரோம்தான் ஓடிக்கொண்டிருக்கும். குரோமின் வலது மேல் மூலையில் வரும் அடையாளத்தின் நிறத்தைப் பாருங்கள். அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள் என்றால் பச்சை, நாலு நாள் என்றால் ஆரஞ்சு, ஒரு வாரத்தைத் தாண்டினால் சிவப்பு. 2023 ஆகஸ்டிலிருந்து வாரம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது, அதனால் வாரத்தில் ஒரு நாளாவது மூடித் திறந்தே ஆக வேண்டும். மூன்று புள்ளியை அமுக்கி, ஹெல்ப், அதில் அபௌட் குரோம் போனால் பதிப்பு எண் தெரியும். பிரவுசருக்கு வருகிற உண்மையான அப்டேட் அங்கேதான் இருக்கும், எந்த வலைப்பக்கமும் ஃபைலை இறக்கச் சொல்லிக் கொடுக்காது என்பதைப் பையனுக்கும் காட்டிக்கொடுங்கள். நீங்கள் மனிதர்தானா என்று கேட்டுவிட்டு, விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் அமுக்கி எதையோ ஒட்டச் சொல்கிற பக்கமும் இப்போது சுற்றுகிறது, அதுவும் திருட்டுதான்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில், விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே உங்கள் கடைக்குப் போதும். காசு கொடுத்து வாங்குவதும் ஓட்டையை அடைக்காது, உள்ளே வந்ததைப் பிடிக்கத்தான் பார்க்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், மூன்றிலும் அதைச் செய்யுங்கள். விண்டோஸ் 7 லேப்டாப்புக்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109தான் கடைசி. அதில் நெட்டே வேண்டாம், பிரிண்டுக்கும் ஸ்கேனுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_வாசி எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். துபாயில் எங்கள் காக்கா (அண்ணன்) வேலை பார்த்த கடையில் நடந்ததைக் கேட்டதிலிருந்து நான் எங்கே போனாலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன். வாடிக்கையாளர் குரோமில் தன் ஜிமெயிலைத் திறக்கும்போது, இந்தக் கணக்கை குரோமோடு சேர்க்கவா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று கொடுத்துவிட்டால், அவர் போனில் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையும் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் எழுந்து போன பிறகும் போகாது. அன்றைக்கு அந்தத் திருட்டு நிரல் ஓடியபோது எத்தனை பேர் கணக்கு அப்படி ஒட்டிக்கொண்டிருந்ததோ, அழிப்பதற்கு முன்னால் நெட் இல்லாமலேயே குரோமைத் திறந்து அந்தப் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள் சகோதரி, யாரிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனிமேல் வாடிக்கையாளருக்கு கெஸ்ட் விண்டோவைத் திறந்து கொடுங்கள். எல்லா கெஸ்ட் விண்டோவையும் மூடியதும் அவர் விட்டுச்சென்ற குக்கீயும் வரலாறும் போய்விடும்.

பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். தமிழ் டைப்பிங், பிடிஎஃப் மாற்றி, கூப்பன் என்று கடைக் கம்ப்யூட்டரில் பத்து இருக்கும். 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனையே ஒரு போலி மெயிலால் கைப்பற்றி, அப்டேட் என்ற பெயரில் திருட்டு நிரலை அனுப்பினார்கள். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். விளம்பரத் தடுப்பு ஒன்று மட்டும் இருக்கட்டும், யூபிளாக் ஆரிஜின் லைட் போதும், போலி அப்டேட் பக்கத்துக்கு இழுத்துப் போகிற விளம்பரங்கள் பாதி அதிலேயே நின்றுவிடும்.

தொண்டி_லினக்ஸ் எழுதியது:

ராம்நாடு அண்ணே, அந்த லேப்டாப்பைப் பிரிண்டுக்கு மட்டும் ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டம் நிற்கும்போது பையன் அதில் நெட்டைப் போடத்தான் செய்வான், ஊரில் எந்தக் கடையிலும் அது நடக்காமல் இருந்ததில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே மாதிரி விலையில்லா லேப்டாப்தான், ரேமை 4 ஜிபியாக்கி, எஸ்எஸ்டி ஒன்று மாற்றி, மின்ட் போட்டு இரண்டு வருடமாக ஓடுகிறது. புதிய ஃபயர்பாக்ஸ் தடையில்லாமல் வருகிறது. தமிழ் எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.

கைரேகைக் கருவி வைத்து வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் அதற்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் விண்ணப்பமும் டிக்கெட்டும் என்றால் மின்ட் போதும்.

ராம்நாடு_சர்வீஸ் எழுதியது:

தொண்டித் தம்பி சொல்வது நியாயம்தான், பையன் நெட்டைப் போடுவான் என்பதை நான் யோசிக்கவில்லை. பிரிண்டர் மின்டில் எடுக்கிறதா என்று பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், எடுத்தால் மாற்றிவிடுங்கள். மற்ற மூன்றிலும் பையனுக்குத் தனியாக ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு ஒன்று, அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும். அவன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை அவன் தெரியாமல் எதையாவது ஓட்டினாலும் கம்ப்யூட்டர் முழுக்கப் பரவாது.

மண்டபம்_கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

கவுன்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில் குரோம் சிவப்பில் இருந்தது. மற்றொன்றில் விண்டோஸ் அப்டேட்டே பல மாதமாக வரவில்லை. கேபிள் அடிக்கடி அறுந்துபோவதால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவோம், டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று யாரோ மீட்டர்ட் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள், அப்படிப் போட்டால் விண்டோஸ் அப்டேட்டை இறக்காமல் நிறுத்தி வைக்குமாம். எடுத்துவிட்டேன். விசைப்படகுக்கு டோக்கன் கொடுத்துக் கடலுக்குப் போகிற நாளில் கடையில் ஆள் குறைவு, இனி அந்தச் சாயங்காலத்தில் நான்கையும் முழுதாக நிறுத்தித் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். கைரேகைக் கருவி என்னிடம் இல்லை, லேப்டாப்பில் மின்ட் ஓட்டிப் பார்த்தேன், பிரிண்டர் எடுக்கிறது.

கெட்டுப்போன கம்ப்யூட்டரின் குரோமில் 7 பேர் கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து 5 பேர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அவர்கள் போனிலேயே பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு அக்கா மட்டும் கோபப்பட்டார், அது நியாயம்தான். யாருக்கும் இதுவரை பணம் போகவில்லை. மீதி 2 பேர் கடலில் இருக்கிறார்கள், நாளைக் காலையில் கரைக்கு வருவார்கள், பாலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன்.

விண்டோஸ் புதிதாகப் போடுவதற்கு பென்டிரைவ் தயாரிக்க மின்ட் லேப்டாப்பிலிருந்து முடியுமா, இல்லை அதற்கு விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் வேண்டுமா?

தொண்டி_லினக்ஸ் எழுதியது:

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் சுலபம். நெட் சரியாக இருக்கும் அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மைக்ரோசாஃப்ட் தளத்துக்கே போய் மீடியா கிரியேஷன் டூல் இறக்குங்கள், 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தேடலில் முதலில் வருகிற விளம்பர லிங்கை மட்டும் அமுக்க வேண்டாம். கெட்டுப்போன கம்ப்யூட்டரில் செருகிய பென்டிரைவாக இருந்தால் அது வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.