கோயில் கொடையில் கேட்கக் கூடாததைக் கேட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

முக்கூடல்காரன்:
2010. டாக்கின்ஸ், ஹாரிஸ், டென்னட், ஹிட்சன்ஸ் என்ற மேலைநாட்டு நாத்திக எழுத்தாளர்கள் நால்வரையும் கரைத்துக் குடித்திருந்த காலம். சென்னையில் வேலை, மேன்ஷன் அறை, இரவெல்லாம் விவாதக் காணொளி. அந்தச் சூட்டோடு சுடலைமாடன் கொடைக்கு ஊர் வந்தேன். பெரியப்பாதான் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுகிறவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் விரதத்தில் திண்ணையில் சாய்ந்திருந்தவரிடம் போய், "சுடலை இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் பெரியப்பா?" என்றேன். அவர் என்ன சொன்னாலும் அதற்கு மறுப்பு கைவசம் இருந்தது. கண்ணைத் திறக்காமலே, "வரி கட்டிவிட்டாயா?" என்றார். தலைக்கட்டுக்கு ஐந்நூறு ரூபாய். கட்டவில்லை.

உறுத்துவது அதுவல்ல. சாமக்கொடையில் கணியான் கூத்தின் மகுடப் பறை முறுக்கேறியதும் பெரியப்பா தீப்பந்தமும் வல்லயம் என்ற ஈட்டியுமாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்கு ஓடினார். பின்னால் யாரும் போகக் கூடாது. நான் போனேன். மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் அவர் இரண்டு படி ஏறுவார். உடைமரங்களுக்கு நடுவே அவரை என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் காலை நீட்டினார். குதிகாலில் உடைமுள், ஒடிந்து உள்ளேயே நின்றது. ஊக்கைத் தீயில் காட்டி நெம்பி எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது குத்தும்போது ஓடியது நீங்களா, அவரா?"

"ஓடியது அவர். குத்தியது எனக்கு" என்றார். பிறகு காப்பி கேட்டார்.

இத்தனை வருடமாக இதற்கு மறுப்பு தேடுகிறேன். பொய் சொல்கிறவன் இப்படிச் சொல்ல மாட்டான். ஏமாந்தவனும் இப்படிச் சொல்ல மாட்டான். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

வாத்தியார் மகள்:
1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். அப்பா இயற்பியல் ஆசிரியர். தெருமுனைக் கோயிலில் கூட்டம் என்று கேட்டதும் சட்டைகூட மாற்றாமல் கிளம்பினார். கையில் ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் பால், அதில் ஒரு சிட்டிகை குங்குமம். ஸ்பூன் விளிம்பு தும்பிக்கையைத் தொட்டால் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக்கொள்ளும். பிறகு அது கல்லின் மேல் மெல்லிய படலமாக வழிந்துவிடும். ஏற்கெனவே ஈரமான கல்லில் வெள்ளைப் பால் வழிவது தெரியாது. குங்குமம் கலந்தால் தெரியும். தெரிந்தது. தும்பிக்கையிலிருந்து தொந்தி வரை சிவப்புக் கோடு. டெல்லியில் விஞ்ஞானிகளும் நிறம் கலந்த பாலை வைத்துத்தான் விளக்கினார்கள் என்று பிறகு பத்திரிகையில் வந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார் ஒருவர். அடுத்த நிமிடமே, "கொஞ்சம் நகருங்கள் சார், பால் திரிந்துவிடும்" என்றதும் அவர்தான். அப்பா நகரவில்லை. அப்போதுதான் வரிசையில் நாலாவது ஆளாக அம்மாவைப் பார்த்தோம். முந்தானைக்குள் டம்ளர். அவசரத்தில் ஸ்பூன் எடுக்க மறந்துவிட்டார். அம்மாவின் முறை வந்ததும் அப்பா தன் ஸ்பூனை வேட்டியில் துடைத்து அவரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

வீட்டில் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த ஸ்பூன் இப்போது என் வீட்டில் சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது.

கறுப்பு மை:
முக்கூடல்கார அண்ணாச்சிக்கு ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கண் திறக்க நான்கு வெள்ளைக்காரர்கள் வரவேண்டியிருந்ததா? நாத்திகம் பேசிய சென்னை இலௌகிக சங்கத்தார் 1882-லேயே 'தத்துவவிவேசினி' என்ற இதழ் நடத்தினார்கள். சுயமரியாதை இயக்கம் தொடங்கியது 1925-ல். புரோகிதர் இல்லாத திருமணத்துக்கு 1967-ல் சட்டமே நிறைவேறியது. உங்கள் நவ நாத்திகம் 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு கிளம்பிய கோபம். ஹாரிஸ் புத்தகம் 2004, டாக்கின்ஸும் டென்னட்டும் 2006, ஹிட்சன்ஸ் 2007. அவர்களுக்குக் கடவுள் ஒரு தவறான கருதுகோள், நிரூபித்தால் போயிற்று. பெரியார் பார்த்த கடவுள் வேறு. யார் கருவறைக்குள் போகலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற ஏற்பாட்டுக்குக் காவல்காரர் அவர். பெரியப்பாவிடம் ஆதாரம் கேட்டீர்களே, அந்த வரி நோட்டில் எந்தத் தெருவுக்கு இடமில்லை என்று கேட்டீர்களா?

வாத்தியார் மகளுக்கும் சொல்கிறேன். நெகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்பூனில்தான் நாம் தோற்றுக்கொண்டே வருகிறோம்.

என் அனுபவம் சிறியது. தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். சடங்கு எதுவும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்படியே எடுத்தோம். பதினாறாம் நாள் யாரும் சொல்லி அனுப்பாமலே மாமா, சித்தப்பா எல்லோரும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் கட்டிவைத்திருந்த பழைய 'விடுதலை' இதழ்களை எடுத்து ஆளுக்கொன்றாக உரக்க வாசித்தோம். ஆச்சி உள்ளேயிருந்து குத்துவிளக்கைக் கொண்டுவந்து அந்தக் கட்டுக்கு முன்னால் ஏற்றிவைத்தாள். அணைக்க எனக்குக் கை எழவில்லை.

வாத்தியார் மகள்:
தோற்ற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அப்பாவுக்கு இருந்தது அந்த முகம் இல்லை.

அசனப் பந்தி:
நான் வேறு கரை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே சி.எஸ்.ஐ. கிராமம். புத்தகம் படித்துவிட்டு நற்கருணை எடுப்பதை நிறுத்தினேன். சபைக் கமிட்டியில் இருந்த அப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையே கூடிச் சமைத்துப் பந்தியில் உண்ணும் அசனப் பண்டிகை வந்தது. முந்தின இரவு கோயில் பின்புறம் கத்தரிக்காய் நறுக்கும் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். "இவனுக்குத்தான் விசுவாசம் போய்விட்டதே" என்றான் ஒருவன். மூத்தவர் ஒருவர் தலை நிமிராமலே, "கத்தி பிடிக்கத் தெரிகிறதல்லவா?" என்று இன்னொரு சாக்கை என் பக்கம் தள்ளினார். விடிய விடிய நறுக்கினேன். விரலெல்லாம் கறுத்துப்போய் இரண்டு நாள் அந்தக் கறை போகவில்லை.

டாக்கின்ஸே 2024-ல் தன்னைப் பண்பாட்டுக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டார். அவருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு, எனக்குக் கத்தரிக்காய். அவர்களோடு நாத்திகம் பேசிய எழுத்தாளர் அயான் ஹிர்சி அலி 2023-ல் கிறிஸ்தவரான செய்தியை அப்பா போனில் அனுப்பினார். கூட ஒரு சொல் இல்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.

சமாதானம்:
2023 டிசம்பர் 17 இரவு மொட்டைமாடியில் மூன்று குடும்பம், கீழே வெள்ளம். கடவுள் மறுப்பாளனான நான் "முருகா" என்றேன். என் கதை அவ்வளவுதான்.

முக்கூடல்காரத் தம்பிக்குச் சில யோசனைகள். முதலில் வரியைக் கட்டிவிடுங்கள். அது சாமிக்குப் போகிற காசு இல்லை, நோட்டில் உங்கள் தலைக்கட்டு இருக்கிறது என்பதற்கு அடையாளம். நாளைக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஆள் கூடுவது அந்த நோட்டைப் பார்த்துத்தான். ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது, விரதம் இருப்பவரிடம் வாதம் வேண்டாம். பசித்தவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. பிள்ளைக்கு மொட்டையா, காதுகுத்தா என்று வந்தால் மொட்டையை விட்டுக்கொடுங்கள், முடி வளர்ந்துவிடும். இரண்டையும் தடுத்தவர்கள் வீட்டில் பிறகு அவர்களுக்குத் தெரியாமல் சோதிடரிடம் போவார்கள். பரப்பு இழுவிசை போன்றவற்றைக் கோயிலில் வைத்து விளக்காதீர்கள், சமையலறையில் விளக்குங்கள். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஒரு லட்ச ரூபாய் பந்தயம் வைத்து அற்புதம் செய்கிறவர்களைக் கூப்பிட்டார். யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. சாமியார்களும் குறையவில்லை. கடைசியாக, இந்த விவாதங்களால் ரத்த அழுத்தம் ஏறும், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு மை:
யோசனை யாரும் கேட்கவில்லையே ஐயா.

சிந்துபூந்துறை:
வெள்ளம் என்றதும் நினைவு வந்தது. தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் ஏறினால் நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கும், உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்ற முதியவரிடம், "நம்மைக் காப்பாற்றுகிறவரை நாம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். "பின்னே, நாம் தூக்காமல் யார் தூக்குவது?" என்றார். முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நான் என்னவோ உதவ மறுத்துவிட்டது போல என்னைப் பார்த்தார்.

முக்கூடல்காரன்:
கறுப்பு மைக்குப் பதில்: தெற்குத் தெரு நோட்டில் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இந்தத் திரியைத் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. போன ஐப்பசியில் பெரியப்பா இறந்துவிட்டார். அவருக்கு மகன் இல்லை. அடுத்த கோமரம் யார் என்று பேச ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்து, ஏன் என்னால் முடியாது என்பதற்கு யார் மனமும் புண்படாமல் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. வல்லயத்தைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டார்கள். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். என் பெயர் வந்தபோது, வரி பாக்கி இல்லை என்று மட்டும் நோட்டிலிருந்து வாசித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பேச்சை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.