மடிவாளா ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு

சொந்தங்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பெங்களூரு மடிவாளா போய்வந்ததை எழுதச் சொல்லி மும்பைக்காரர்களும் துபாய்க்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். படங்களை அனுப்பியதோடு விட்டுவிடலாம் என்றிருந்தேன், பெரியப்பா விடவில்லை.

போன வருஷம் சங்கத்தின் சார்பில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனது நினைவிருக்கும். பிள்ளைகள் நீச்சல் குளத்தில், ஆண்கள் சீட்டில், பெண்கள் சாப்பாட்டு வரிசையில். சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் பலபேர் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதில் கால்வாசிச் செலவுகூட இந்தத் தடவை ஆகவில்லை.

காலை ஆறரைக்கு ஏரி வாசலில் இருபத்திரண்டு பேர். தண்ணீரில் ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு மூலையில் சாக்கடை வாடை. அதை மறைத்து எழுத மனசில்லை. ஆனாலும் கூழைக்கடா இருந்தது! ஒன்பது எண்ணினோம். நாங்குநேரிப் பக்கம் பிறந்துவிட்டு, கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும் பறவையைப் பெங்களூரு ஏரியில் பார்த்தால் யாருக்குத்தான் நடை ஓடும்? அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

பெரியப்பாவுக்குப் பறவையில் மனசு நிற்கவில்லை. வந்ததிலிருந்து "மடை எங்கேப்பா, மறுகால் எந்தப் பக்கம்?" என்று கரையோரம் குனிந்து குனிந்து தேடினார். மடை என்றால் தண்ணீர் திறந்துவிடும் வழி, மறுகால் குளம் நிரம்பினால் வழிந்தோடும் வழி. ஊரில் முப்பது வருஷம் குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பங்கிட்டவர் ஆயிற்றே. தினமும் நடக்க வரும் கன்னடப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். மடையை அவர் 'தூபு' என்றார். "அட, தூம்புதானே!" என்று பெரியப்பா துள்ளினார். மறுகாலுக்கு அவர்கள் சொல்வது 'கோடி'. தண்ணீர் பாய்ச்சும் ஆளுக்கு 'நீருகண்டி'. இவருக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. அப்படியும் கைகளாலேயே ஒரு குளத்தைக் கட்டி, நிரப்பி, திறந்தும் விட்டுவிட்டார்கள்.

அத்தை கட்டிவந்த மிளகாய்ப்பொடி இட்லியை முடித்துக்கொண்டு சோமேசுவரர் கோவிலுக்குப் போனோம். அடித்தளக் கல்லில் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர், அதாவது இன்றைய பேகூர். அதில் பெங்களூரின் பெயர் 'வெ' என்று தொடங்குகிறது, 'பெ' இல்லை. 'ஏரிக்குக் கீழே' என்றதும் பெரியப்பா என் தோளைத் தட்டினார். நம் ஊரிலும் வயலுக்கு அடையாளம் சொல்வது அப்படித்தான்.

எழுத்து லேசில் கண்ணுக்குத் தெரியாது. மாவு தேய்த்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்க, அர்ச்சகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். செல்போன் விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும், வெட்டெல்லாம் நிழலாய் எழுந்துவருகிறது. தம்பி மகள், ஞாயிறு வகுப்பில் தமிழ் படிக்கிறவள், முதலில் 'ட'வைப் பிடித்தாள், அப்புறம் 'ப', 'ய'. மெய்யெழுத்துக்கு மேல் புள்ளியே இல்லையே என்று முகத்தைச் சுளித்தாள். அந்தக் காலத்தில் கல்லில் புள்ளி வைப்பது அபூர்வம் என்றேன். "எங்க மிஸ் இவருக்கு மார்க்கே போட மாட்டாங்க" என்றாள்.

இதைப் பார்த்துவிட்டு, பெங்களூரே நம்முடையது என்று யாரும் வாட்ஸப்பில் கிளப்ப வேண்டாம். அடுத்து போன பேகூர் நாகேசுவரர் கோவில் கல்வெட்டு கன்னடத்தில் உள்ளது, சுமார் 890-ஐச் சேர்ந்தது. பெங்களூருப் போரில் இறந்த ஒருவரைப் பற்றி அது சொல்கிறது. ஒரு ராஜாவுக்கு வெந்த அவரைக்கொட்டை தந்த கிழவியால்தான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஒரு கதை உண்டே, அந்த ராஜா இதற்கு 300 வருஷம் பிந்தியவர். பேகூரின் பெரிய வீரக்கல் இப்போது கப்பன் பூங்கா பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஒரு சனிக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பேகூர் ஏரிக்குப் போகவே நேரமில்லை, வெயில் ஏறிவிட்டது.

அடுத்தது கோலார். கோலாரம்மா கோவிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, பக்கத்திலேயே அந்தரகங்கை மலை. பாறை இடுக்குகளில் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் கீழே சுனையருகே இருந்துகொள்ளலாம். குரங்குத் தொல்லை அதிகம் என்பதால் அத்தையின் இட்லிப் பொட்டலத்தை யார் தூக்கிவருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வேன் பேச வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் சொல்லுங்கள். பெரியப்பா இப்போதே முன் சீட்டைப் பிடித்துவிட்டார்.