மெரிவேல் கல்வீடுகள்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பனிக்கூத்தன்
இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் போனவர்களுக்கு மெரிவேல் தெரிந்திருக்கும், வெண்கலக் காலத்து ஜனங்கள் வாழ்ந்த இடம். டாவிஸ்டாக்கிலிருந்து பிரின்ஸ்டவுன் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. டிக்கெட் இல்லை, சுற்றுச்சுவரும் இல்லை. அங்கே இரண்டிரண்டு வரிசையாக நட்டுவைத்திருக்கும் கற்களை, இரட்டைக் கல்வரிசையை, பார்க்கத்தான் போனோம். சாரல் சாய்த்து அடித்தது, ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. முழங்கால் உயரத்தில் ஒரு கல்வட்டம் தெரிந்தது, பழைய வட்ட வீட்டின் மிச்சச் சுவர். உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். காதில் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது! காற்று தலைக்கு மேலே போகிறது, என்மேல் படவில்லை. கூரை போய் 3,000 வருஷம் ஆகியிருக்கும், சுவர் இன்னும் தன் வேலையைப் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் குதிரைச் சாணம். அதுகளுக்கும் இந்த இடம் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே அந்தக் காலத்து ஜனங்கள் மாவரைத்த பெரிய வட்டக்கல் வேறு கிடக்கிறது.

குறிஞ்சி
அது மாவரைத்த கல்லே இல்லைங்க. சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்குப் பழம் நசுக்கப் பிற்காலத்துக் கல்தச்சர்கள் கொத்தி, எடுத்துப்போகாமல் விட்டது. வெண்கலக் காலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எனக்கு மனசில் நிற்பது தெற்குக் கல்வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் கற்பெட்டிக் கல்லறைதான். மூடுகல்லின் நடுப்பகுதியைக் காணோம். 19ஆம் நூற்றாண்டில் யாரோ கேட் தூணுக்காகப் பிளந்து கொண்டுபோய்விட்டார்களாம். மிச்சமுள்ள இரண்டு துண்டும் அப்படியே கிடக்கின்றன. அந்தத் தூண் இப்போது எந்தப் பண்ணை வாசலில் மாடு உரச நிற்கிறதோ!

ஊர்சுற்றி
குறிஞ்சி, வந்த மனிதர் மழைக்கு ஒதுங்கின கதை சொல்கிறார், அதில் பாடம் எடுக்க வேண்டுமா? நான் போனபோது வட்டத்துக்குள் ஒருத்தர் மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரோடு நின்றார். ஹெட்போன் போட்டிருந்ததால் நான் கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: 1979ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டப்படி இதுபோன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம், ஒன்றும் எடுக்காவிட்டாலும்கூட. கல்லைப் புரட்டாதீர்கள், உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். குதிரைக்குத் தீனி போடக்கூடாது. நாய் இருந்தால் மார்ச் முதல் ஜூலை வரை கயிற்றில்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம் மூடுபனி. இறங்கினால் சாலை பத்தடியில் இருந்தாலும் தெரியாது. போனை நம்பாமல் வரைபடமும் திசைகாட்டியும் கையில் வைத்திருங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ் அவசியம். மாற்று சாக்ஸும்.

பனிக்கூத்தன்
என்னிடம் நாயும் இல்லை, டிடெக்டரும் இல்லை. கல் எதற்காகவாவது இருந்துவிட்டுப் போகட்டும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? எல்லா வட்டத்திலும் அப்படிக் காற்று அடங்குகிறதா, இல்லை நான் உட்கார்ந்ததில் மட்டும்தானா?